பெல்லட் அடுப்பு ஏன் அணைய மறுக்கிறது?

விவசாயக் கழிவை அழுத்திச் செய்யும் சிறு பெல்லட் கட்டிகளை எரிப்பது பெல்லட் அடுப்பு. அதை விற்பவர்கள் புகை இல்லை, பாத்திரத்தில் கரி பிடிக்காது, செலவு குறைவு என்கிறார்கள். வாங்கியவர்கள் கேட்பதோ வேறு: சமையல் முடிந்ததும் இதை எப்படி அணைப்பது? இந்த ஒரு கேள்வியை வைத்தே அந்த அடுப்பை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

திருத்தணிக்கு இது பொருத்தமான கேள்வி. சுற்றிலும் கரும்பும் நிலக்கடலையும் விளைகின்றன. திருவாலங்காட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்புச் சக்கையிலும் கடலைத் தோலிலும் பெல்லட் செய்யலாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வந்து சேரும் நாட்களில் மலையடிவாரத்து உணவுக்கடைகளில் அடுப்பு ஓய்வதே இல்லை. எரிபொருளும் பக்கத்தில், தேவையும் பக்கத்தில். அப்படியும் எல்லா வீட்டுக்கும் இதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

காரணம் 'ஊர்ஜா'. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வைக் கொண்டு பிபி நிறுவனம் 2006-இல் கொண்டுவந்த பெல்லட் அடுப்பு அது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. 2009-இல் புனேயின் ஃபர்ஸ்ட் எனர்ஜி கைக்கு மாறியது. பிறகு வீடுகளை விட்டு ஓட்டல் சமையற்கட்டுகளை நோக்கி நகர்ந்தது. சக்கைக்குப் போட்டி கூடி பெல்லட் விலை ஏறியதே காரணம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல.

அந்த அடுப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். ஏறக்குறைய அரைக் கிலோ பெல்லட்டைக் குடுவையில் நிரப்பி மேலே பற்றவைக்கிறோம். சிறு ஃபேன் கீழிருந்து காற்றை ஊத, நெருப்பு மேலிருந்து கீழே இறங்குகிறது. பெல்லட்டின் பெரும்பகுதி வாயுவாகி மேலே வந்து எரிகிறது. மிஞ்சும் கரி கடைசியில் தணலாகிறது. நிரப்பினால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட எரியும். ஃபேன் வேகத்தைக் குறைத்தால் தீ குறையும், அணையாது. ஃபேனை அடியோடு நிறுத்தினால் வாயு எரியாமல் புகையாக வெளியேறும். கரி கனன்றுகொண்டே இருக்கும். அப்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. சாத்திய அறையில் அது உயிரை எடுக்கும்.

விறகடுப்பும் சட்டென்று அணையாதே என்று கேட்கலாம். அணையும். கட்டையை வெளியே இழுத்து, நுனியில் தண்ணீர் தெளித்தால் போதும். மிச்சக் கட்டை நாளைக்கு ஆகும். பற்றிக்கொண்ட பெல்லட்டை வெளியே எடுக்க வழியில்லை. ஒரு டம்ளர் காபிக்கும் அரைக் கிலோ போகும், அல்லது அளந்து போடப் பழகவேண்டும். ஊர்ஜா வந்த அதே காலத்தில், 2006-11 ஆட்சியில், தமிழக அரசு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுத்தது. திருகினால் அணையும் அடுப்பு வீட்டுக்குள் வந்தபின், அணைக்க முடியாத அடுப்பு எப்படி நிற்கும்? இங்கே ரிப்பேர் பார்க்க ஒன்றுமில்லை. குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது.

ஹாப்பர் என்ற எரிபொருள் தொட்டியிலிருந்து மோட்டாரும் திருகும் பெல்லட்டைத் தள்ளும் பெரிய அடுப்பை வேறு கண்ணோடு பார்க்கவேண்டும். சுவிட்சை அணைத்ததும் பெல்லட் வரத்து நிற்கும். புளோயர் மட்டும் உள்ளே சூடு தணியும்வரை, கால் மணியோ அரை மணியோ, ஓடும். அது கோளாறு அல்ல. பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கினால்தான் ஆபத்து: புகை உள்ளே திரும்பும், நெருப்பு ஹாப்பர் பக்கம் ஊர்ந்து ஏறலாம். தண்ணீர் ஊற்றினால் கொதிநீராவி முகத்தில் அடிக்கும். நனைந்த பெல்லட் ஊதித் தூளாகித் திருகை அடைத்துவிடும்.

அந்த நேரம் கடந்தும் அணையாவிட்டால் முதலில் பெல்லட் இன்னும் விழுகிறதா என்று கவனியுங்கள். விழுந்தால் கட்டுப்பாட்டுப் பலகையின் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். மேலும் கொட்டாமல், இருப்பது எரிந்து தீரக் காத்திருந்து, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பெல்லட் நின்று, தணலும் ஆறி, புளோயர் மட்டும் ஓடினால் வெப்ப உணரியைப் பார்க்கவேண்டும். கரி படிந்தோ பழுதாகியோ இருக்கும். பெல்லட் நின்றும் தணல் விடாமல் கனன்றால் சாம்பல் கதவின் கேஸ்கட் வழியாகக் காற்று புகுகிறது, அல்லது எரிகுடுவையில் சாம்பல் கட்டி சேர்ந்திருக்கிறது. உமி கலந்த பெல்லட் என்றால் இரண்டாவதை முதலில் சந்தேகிப்பேன்: உமியில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா.

ஆக, விடிகாலை முதல் இட்லிக் கொப்பரை இறங்காத கடைக்கும், பந்திக்குப் பந்தி அண்டா ஏறும் அன்னதானக் கூடத்துக்கும் ஹாப்பர் வைத்த பெல்லட் அடுப்பு தகும். அங்கே அணைப்பது நாளுக்கு ஒருமுறைதான். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு, நிரப்பி எரிக்கும் பெல்லட் அடுப்பு தகாது. எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் பற்றவைத்துக் காட்டச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கண்முன்னே அணைத்தும் காட்டச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.