வால்ட்ரன் திரும்பிய திசை

1942 ஜூன் 4 காலை. மிட்வே தீவுக்கு வடக்கே நின்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹார்னெட்’டிலிருந்து ஜப்பானியக் கப்பல்களைத் தாக்க டார்பிடோ எட்டாம் அணியின் 15 விமானங்கள் கிளம்பின. ஒன்றுகூடத் திரும்பவில்லை. பறந்த 30 பேரில் பிழைத்தவர் ஜார்ஜ் கே என்ற இளம் விமானி மட்டுமே. போட்ட டார்பிடோக்களில் ஒன்றும் இலக்கில் படவில்லை.

இந்தச் சாவுகளுக்கு ஒரு பயன் சொல்லும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. ஜப்பானின் சீரோ போர்விமானங்களை இவர்கள் கடல்மட்டத்துக்கு இழுத்தார்கள்; அதனால்தான் மேலிருந்து பாய்ந்த குண்டுவீச்சு விமானங்கள் அகாகி, காகா, சோர்யு என்ற மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களையும் தடையின்றி எரித்தன என்பார்கள். கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் நேரக்கணக்கு இடிக்கிறது. எட்டாம் அணி தாக்கியது 9.20-ஐ ஒட்டி, குண்டுகள் விழுந்தது 10.20-க்குப் பிறகு. அந்த ஒரு மணி நேரத்துக்குள் சீரோக்கள் எத்தனையோ முறை மேலேறியிருக்கலாம். பார்ஷலும் டல்லியும் 2005-இல் எழுதிய ‘ஷாட்டர்ட் ஸ்வோர்ட்’ என்ற வரலாற்று நூல் இதை அழுத்தமாகவே எடுத்துக்காட்டியது. அடுத்தடுத்து வந்த தாக்குதல்களால் ஜப்பானியக் கப்பல்கள் வளைந்து வளைந்து ஓடவும், காவல் விமானங்களை ஏற்றி இறக்கவும் வேண்டியிருந்தது. எதிர்த்தாக்குதலுக்கு மேல்தளத்தைக் காலியாக்க முடியவில்லை. உண்மையான பலன் இதுதான். இதில் எட்டாம் அணிக்கும் பங்குண்டு. கடைசியாக வந்த, இன்னொரு அமெரிக்கக் கப்பலான ‘யார்க்டவுன்’னின் டார்பிடோ அணிதான் குண்டுகள் விழுந்த நேரத்தில் சீரோக்களைத் தன் பக்கம் இழுத்திருந்தது.

பயனைத் தேடும் அவசரத்தில், அவர்கள் கையில் என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்ற கேள்வி அமுங்கிப்போகிறது. எனக்குப் பொறுக்காதது அதுதான். மார்க் 13 டார்பிடோவைப் போட, அவர்கள் ஓட்டிய டெவஸ்டேட்டர் விமானம் கடலுக்கு மேல் 30 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலேயே, ஆடாமல் அசையாமல் நேர்கோட்டில் வர வேண்டும். துரத்தும் சீரோவுக்கு மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அத்தனையும் தாண்டிப் போட்டாலும், நீருக்குள் அந்த டார்பிடோவின் வேகம் 33.5 நாட்தான். சோர்யுவோ 34 நாட் வேகத்தில் ஓடக்கூடிய கப்பல். பின்புறத்தைக் காட்டித் திரும்பிவிட்டால் டார்பிடோவால் எட்டிப் பிடிக்கவே முடியாது. ஜார்ஜ் கே அன்றைக்கு முன் டார்பிடோ சுமந்து பறந்ததே இல்லை.

அணித்தலைவர் ஜான் வால்ட்ரன் போர்விமானத் துணை கேட்டார், கிடைக்கவில்லை. ‘ஹார்னெட்’டின் 10 போர்விமானங்களும் உயரத்தில் குண்டுவீச்சு விமானங்களோடு போய், எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கின. ‘என்டர்பிரைஸ்’ கப்பலின் போர்விமானங்கள் மேகத்துக்கு மேலே தற்செயலாக எட்டாம் அணியைப் பின்தொடர்ந்தும், அழைப்பு வராததால் கீழே இறங்கவில்லை.

வால்ட்ரனிடமும் குறை உண்டு. விமானக்குழுத் தலைவர் ஸ்டான்ஹோப் ரிங் பிடித்த திசை தவறு என்று வாதாடி, தன் அணியை மட்டும் தென்மேற்கே திருப்பிக்கொண்டு போனார். கூட்டுத் தாக்குதல் அங்கேயே உடைந்தது. ஆனால் அவர் கணக்குதான் சரி. நேராகப் போய் எதிரிக் கப்பல்களின் முன் நின்றார். ரிங்கோடு போனவர்கள் அன்று காலை எதிரியைக் காணவே இல்லை. வால்ட்ரனுடைய ஆற்றலை நான் காண்பது இந்தத் திசைமாற்றத்தில். வீரக்கதை அவருடைய மரணத்தில் லயித்து, மூளையை மறந்துவிடுகிறது.

அதே நாளில் எதிர்ப்பக்கத்திலும் ஒரு டார்பிடோ விமானி இருந்தார். ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹிர்யு’வின் தொமொனாகா ஜோய்ச்சி, இறக்கையில் எரிபொருள் தொட்டி சேதமான விமானத்திலேயே கிளம்பினார். திரும்ப வழியில்லை என்று தெரிந்தே போனார். அவர் கூட்டிச்சென்ற 10 விமானங்களில் 5 விழுந்தன; ஆனால் ‘யார்க்டவுன்’ மீது இரண்டு டார்பிடோக்கள் வெடித்தன. தொமொனாகாவும் வால்ட்ரனும் துணிவில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் ஜப்பானியர் கையில் வேலை செய்யும் டார்பிடோ இருந்தது, கூடவே ஆறு போர்விமானங்களும் வந்தன.

விமானம் விழுந்ததும் ஜார்ஜ் கே தண்ணீரில் மிதந்த இருக்கை மெத்தையைத் தலைமேல் கவிழ்த்து, எதிரி கண்ணில் படாமல் கிடந்தார். அவருடைய துப்பாக்கியாளர் இறந்துவிட்டிருந்தார். மூன்று கப்பல்கள் எரிவதை அங்கிருந்தே பார்த்தார். மறுநாள்தான் மீட்புவிமானம் வந்து அவரைத் தூக்கியது. மிட்வே போரோடு டெவஸ்டேட்டர் போர்முனையிலிருந்து விலக்கப்பட்டது. மார்க் 13 நம்பத்தக்கதாக ஆனது 1944-இல்.