ஒரு சொம்பு புளிப்பு

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர் கிடையாது. காட்பாடி–விழுப்புரம் பாதையில் வரும் வண்டி களம்பூரில்தான் நிற்கிறது, பலகையிலோ ‘ஆரணி ரோடு’ என்று எழுதியிருக்கிறது. எங்கள் தறியில் நெய்கிற புடவைக்குப் பெயர் ஆரணிப் பட்டு. புவிசார் குறியீடும் அந்தப் பெயருக்கே. பெரிய ஊர்க் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சில புடவைகள் இன்னும் ஒரு படி ஏறிக் காஞ்சிபுரமாகிவிடுவதும் உண்டு. தப்பித்தது அரிசி மட்டும்தான். களம்பூர் பொன்னி என்று மூட்டையிலேயே அச்சடித்து ஊர் ஊராகப் போகிறது. இப்படிப் பெயரை விட்டுக்கொடுத்துப் பழகிய ஊரில், யாருமே பெயர் வைக்காத ஒன்றைப் பற்றி எழுத எனக்கு நெடுநாள் ஆசை. காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டியில் வரும் கேவுரு கூழ்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே பெருகியிருக்கும் சின்னச் சின்ன பீர்க் கடைகளைப் பற்றித்தான் பேசுவான். “ஒரு கடை பீர் மாதிரி இன்னொரு கடையில இருக்காது மாமா. காய்ச்சுறவன் கை தெரியும்” என்பான். ஒருநாள் காலையில் அவனைக் கூழ் வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் வண்டியில் ஆளுக்கு ஒரு சொம்பு. கூப்பிடு தூரத்தில் நின்ற அடுத்த வண்டியில் இன்னொரு சொம்பு. இரண்டாவதைப் பாதியில் நிறுத்தி, “இது வேற மாவா?” என்றான். ஒரே மில்லில் அரைத்த மாவு. நொய்யும் ஒரே மண்டி நொய். எனக்குச் சிரிப்பு வந்தது. “கை தெரியுதா?” என்றேன்.

கூழைப் பற்றி நாம் மூன்று விதமாகத்தான் பேசியிருக்கிறோம். இல்லாதவன் சாப்பாடு என்று ஒரு காலம் பேசினோம். அம்மனுக்கு வார்ப்பது என்று ஆடியில் பேசுகிறோம். இப்போது சர்க்கரைக்கு நல்லது, சுண்ணாம்புச் சத்து நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் என்று டாக்டர் குரலில் பேசுகிறோம். ருசி என்று ஒன்று இருப்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. காப்பிக்கும் பிரியாணிக்கும் கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்கள், கூழ் என்றால் ‘உடம்புக்கு நல்லதுப்பா’ என்று முடித்துக்கொள்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டால் அந்தப் பண்டத்தின் ருசிக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது.

செய்முறை எளிதுபோலத் தோன்றும். முதல் நாள் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து மண்பானையில் மூடி வைக்கிறார்கள். மறுநாள் அது பொங்கி, மேலே நுரை கட்டி, லேசாகப் புளித்த வாசம் வரும். நொய்யைக் களைந்து உலையில் போட்டு, அது குழைய ஆரம்பிக்கும் நேரத்தில் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்ட வேண்டும். ஒரு கை ஊற்ற, மறு கை நிற்காமல் சுழல வேண்டும். நின்றால் கட்டி தட்டும். கையைத் தண்ணீரில் நனைத்து மேலே தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் இறக்கிவிடலாம். அத்தோடு முடியவில்லை. வெந்த கூழ் இன்னொரு ராத்திரி பானையிலேயே இருந்து மறுபடி புளிக்கிறது. மாவாக ஒருமுறை, கூழாக ஒருமுறை என்று இரண்டு புளிப்பு. முதல் புளிப்பு வாசத்தைக் கொடுக்கும், இரண்டாவது நாக்கில் இருக்கும். காலையில் மேலே படிந்த ஆடையை விலக்கி, உருண்டையாக எடுத்து, உப்பும் மோரும் தண்ணீரும் விட்டுக் கையாலேயே கரைத்தால் ஒரு சொம்பு கூழ்.

இதில் வெளியிலிருந்து போட்ட ஈஸ்ட் இல்லை. மாவிலும் பானைச் சுவரிலும் காற்றிலும் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தாமே வந்து வேலை செய்கின்றன. பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்றொரு பீர் உண்டு. காய்ச்சிய தானியக் கஷாயத்தை அகலமான செப்புத் தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவில் திறந்து வைத்து ஆற்றுவார்கள். ஊர்க் காற்றில் இருப்பது அதில் இறங்கிப் புளிக்க வைக்கும். வெயில் காலத்தில் கெட்டுப்போகும் என்று அதைக் காய்ச்சுவதே இல்லை. எங்கள் ஆயாக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கத்திரி வெயிலில்தான் கூழுக்குக் கிராக்கி. அந்த வெயிலில் புளிப்பை அடக்கி நிறுத்துவதுதான் வித்தை.

நான் வழக்கமாகப் போகும் வண்டிக்கார ஆயா மார்கழியில் மாவை மத்தியானமே கரைத்து, பானையை அடுப்பு ஓரத்தில் சாக்கு சுற்றி வைப்பார். சித்திரை பிறந்ததும் அதே மாவை விளக்கு வைத்த பிறகுதான் கரைப்பார். மழை மூட்டம் போட்டால் அதற்கு ஒரு கணக்கு. கடிகாரமோ வெப்பமானியோ இல்லை. பானையின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், மூடியைத் திறந்து ஒருமுறை முகர்வார், அவ்வளவுதான். “ராத்திரி காத்தே இல்ல நைனா. இன்னிக்கு புளிப்பு தூக்கலா இருக்குது, மோரு கம்மியா ஊத்துறேன்” என்று குடிக்கும் முன்பே சொல்லிவிடுவார். தன் சரக்கின் அன்றைய குணத்தை வாடிக்கையாளரிடம் இப்படி ஒளிக்காமல் சொல்லும் வியாபாரியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

புளிப்பிலும் வகை உண்டு. அன்றைக்கே மாவைக் கரைத்துக் காய்ச்சி, புளித்த தயிரை ஊற்றிக் கலக்கிக் கொடுக்கும் கடைகள் உண்டு. அந்தப் புளிப்பு நுனி நாக்கிலேயே நின்றுவிடும், தொண்டைக்குக் கீழே வெறும் மாவுதான் இறங்கும். மாவே புளித்த கூழ் அப்படியல்ல. வாயில் வைக்கும்போது மந்தமாக, மண்வாசத்தோடு, கேழ்வரகின் லேசான துவர்ப்போடு இருக்கும். விழுங்கிய பிறகுதான் நாக்கின் இரு ஓரத்திலும் புளிப்பு மெல்ல ஏறும். அது ஏறுவதற்காகவே இரண்டு மடக்குக்கு நடுவில் சற்று நிறுத்திக் குடிக்க வேண்டும். வெயிலில் நடந்து வந்த அவசரத்தில் ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டால் தாகம் தணியும். ருசி தெரியாது.

நொய்யைப் பற்றிச் சொல்லாமல் களம்பூர்க் கூழைச் சொல்ல முடியாது. ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள். நெல்லை அவித்து, காயவைத்து, அரைத்து, சலித்து எடுக்கும்போது உடைந்து ஒதுங்குவதுதான் நொய். முழு அரிசி மூட்டையேறி வெளியூர் போகிறது, உடைந்தது ஊரோடு தங்குகிறது. பச்சரிசி நொய் கூழில் கரைந்து பசையாகிவிடும். புழுங்கல் நொய் அப்படிக் கரையாது. வெந்த பிறகும் தன் உருவத்தைக் கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கும். மழமழவென்று இறங்கும் கூழின் நடுவே அங்கங்கே பல்லில் தட்டுப்படும். கூழைக் குடிக்கிறோமா சாப்பிடுகிறோமா என்ற பழைய சந்தேகம் அந்த நொய்யால்தான். கேழ்வரகு மட்டும் போட்டுக் காய்ச்சியதை நான் கூழ் என்று சொல்லமாட்டேன், கஞ்சி என்பேன். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

இந்த மண்ணில் கூழிலிருந்து மது காய்ச்சியதற்கும் பழைய சாட்சி உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு காய்ச்சும் முறையைப் படிப்படியாகவே சொல்லிவிடுகிறார். குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, வாயகன்ற தட்டுப் பிழாவில் ஆற்றி, நல்லடை சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கும் மது அது. நல்லடை என்பது நெல் முளையைக் கொண்டு செய்தது என்று உரை சொல்கிறது. முளை கட்டிய தானியம் என்றால் இன்றைய பீர்க்காரர் மொழியில் மால்ட். ஆற்றுவதற்கு அகலத் தட்டு, பிரஸ்ஸல்ஸ்காரரின் செப்புத் தொட்டியைப் போலவே. வீட்டில் காய்ச்சிய அரிசிக் கள்ளுக்குத் தோப்பி என்று தனிப்பெயரும் அதே நூலில் இருக்கிறது. அந்த முளை மாவைப் போடாமல் வழியிலேயே நிறுத்திக்கொண்டால் கிடைப்பது நம் கூழ். கேழ்வரகை அந்த எல்லையைத் தாண்ட விட்டவர்களும் உண்டு. நேபாளத்திலும் சிக்கிமிலும் அதைப் புளிக்க வைத்து, மரக்குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சுகிறார்கள். தோங்பா என்று பெயர். எங்கள் ஊரில் மூன்றாம் நாள் கூழைக் குடித்துவிட்டுத் தறி மேலேயே சாய்ந்து தூங்கிப்போன பெரியவர்களின் கதை உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

நெசவாளிக்கும் கூழுக்கும் உள்ள உறவைத் தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். காலையில் இட்லி, பூரி என்று வயிற்றை நிரப்பிக்கொண்டு குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டை மிதிக்க முடியாது, கண் சொருகும். கூழ் வயிற்றில் நிற்கும், ஆனால் கனக்காது. இன்னொன்றும் உண்டு. தறியில் இருப்பது பட்டு, ஜரிகை. கையில் எண்ணெய் இருந்தால் புடவை காட்டிக்கொடுத்துவிடும். சொம்பில் குடித்துவிட்டுக் கையைக் கழுவித் துடைத்தால் உடனே ஊடை கோக்கலாம். இதனால்தானோ என்னவோ, தறி வீடுகளில் கூழுக்குத் தொட்டுக்கொள்வது சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும்தான். கருவாடு ஞாயிற்றுக்கிழமைக்கு.

தொட்டுக்கொள்வதில் என் கட்சி வேறு. சுட்ட கருவாட்டை நான் மதிக்கிறேன், ஆனால் அது கூழைப் பேசவிடாது. மோர் மிளகாய் நல்ல துணைதான், முதல் கடிக்கு மட்டும். வறுத்த கொத்தவரை வற்றலின் கசப்பும் மொறுமொறுப்பும் கூழின் புளிப்போடு சேரும்போதுதான் இரண்டும் தங்களை முழுசாகக் காட்டுகின்றன. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிற சீமை என்பதால் மல்லாட்டைத் துவையல் வைக்கும் வண்டிகளும் உண்டு. அதைத் தொட்டுக்கொண்டு குடித்தால் கூழுக்கு ஒரு நெய்ப்பசை வரும். மாங்காய்க் காலத்தில் மாங்காய்க் கீற்றை மிளகாய்த்தூளில் புரட்டித் தருவார்கள். புளிப்புக்குப் புளிப்பு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. குழந்தைகளுக்கு மட்டும் விளங்குகிறது.

2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்த பிறகு கேழ்வரகுக்கு மவுசு கூடிவிட்டது. பாக்கெட் மாவு, பிஸ்கட், சேமியா எல்லாம் வந்தாயிற்று. நகரத்து உணவகங்களில் மண்குவளையில் ஊற்றி, மேலே கொத்தமல்லி தூவி, ‘பாரம்பரியம்’ என்று எழுதி வைக்கிறார்கள். குடித்துப் பார்த்தேன். எல்லாக் குவளையும் ஒரே மாதிரி இருந்தது, நேற்றும் இன்றும் ஒரே மாதிரி இருந்தது. வெயிலும் காற்றும் அதைத் தொடவே இல்லை. வண்டிக் கூழில் செவ்வாய்க்கிழமை ருசி புதன்கிழமை இருக்காது. சரியில்லாத நாளும் உண்டு, பானை ஏமாற்றிவிட்ட நாளும் உண்டு. அப்படி ஒரு நாளில் ஆயா வண்டியையே கொண்டுவரவில்லை. “மாட்டுக்கு ஊத்திட்டேன்” என்றார் மறுநாள்.

ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் கரைந்துபோகும் நாள் ஒன்று ஆடியில் வருகிறது. பக்கத்திலேயே படவேடு ரேணுகாம்பாள். கணவர் ஜமதக்னி முனிவர் இறந்தபின் தீயில் இறங்கிய ரேணுகா, மழையால் தீ அணைந்து, உடம்பெல்லாம் கொப்பளத்தோடு வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு வந்து பசிக்குக் கேட்டபோது, ஊரார் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்தார்கள் என்பது கதை. ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதியும் அந்த முனிவரின் கமண்டலத்திலிருந்து வந்ததாகவே சொல்வார்கள். ரேணுகாவின் பசிக்கு ஊரார் கொடுத்த அந்த நினைவில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சி, வேப்பிலை கட்டிய குடத்தில் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே எல்லா வீட்டுக் கூழையும் ஒரே கொப்பரையில் கொட்டுகிறார்கள். மூன்று நாள் புளித்த வீடும், அவசரத்தில் காலையில் காய்ச்சிய வீடும், உப்புப் போட மறந்த வீடும் அதில் ஒன்றாகின்றன. லாம்பிக் காய்ச்சுகிறவர்கள் இளசையும் பழசையும் கலந்து கியூஸ் என்ற பீரைச் செய்வார்கள். எந்தப் பீப்பாயிலிருந்து எவ்வளவு என்று அளக்கப் பயிற்சி பெற்ற நாக்கு அதற்கு வேண்டும். எங்கள் கொப்பரையை யாரும் அளப்பதில்லை. இருந்தும் ஆண்டு முழுக்க நான் குடிக்கும் கூழில் மிகச் சிறந்தது அந்தக் கொப்பரைக் கூழ்தான். இதற்கு எனக்கு விளக்கம் கிடையாது. பக்தி என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் நான் அவ்வளவு பக்திமான் இல்லை.

போன ஆடியில் ஆயாவும் தன் குடத்தைக் கொண்டுவந்திருந்தார். கொட்டும் முன் குடத்தின் அடியில் ஒரு கை கூழை மிச்சம் வைத்து, வேப்பிலையால் வாயை மூடிக்கொண்டார். சாமிக்கே மிச்சம் பிடிக்கிறாயா என்று யாரோ கேலி செய்தார்கள். “இத்தப் போட்டுத்தான் நாளிக்கு மாவு கரைக்கணும். புதங்கெழம வண்டி போவணுமே” என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.