மறியல், மீட்பு, ஜப்தி: நெடுஞ்சாலைக் கூட்டம் பற்றிச் சில குறிப்புகள்

தமிழ்த் தினசரிகளில் பேருந்து விபத்துச் செய்திக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. முதல் பத்தியில் பேருந்து 'கட்டுப்பாட்டை இழந்து' பள்ளத்தில் பாயும். இரண்டாவது பத்தியில் 'அலறல் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தினர் ஓடிவந்து' காயம்பட்டவர்களை மீட்பார்கள். ஐந்தாவது பத்தியில் 'ஆத்திரமடைந்த பொதுமக்கள்' மறியலில் ஈடுபடுவார்கள். போலீசார் சமாதானப் பேச்சு நடத்துவார்கள். கடைசி வாக்கியம் அநேகமாக மாறுவதே இல்லை: இதனால் அப்பகுதியில் இத்தனை மணிநேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. பல வருஷங்களாக இதை வாசித்து வருகிற எனக்கு ஒரு எளிய சந்தேகம். இரண்டாவது பத்தியில் ஓடிவருகிறவர்களும் ஐந்தாவது பத்தியில் உட்காருகிறவர்களும் வேறுவேறு ஆட்களா? செய்தியின் மொழி அப்படித்தான் நம்மை நம்பவைக்கிறது. முதலாமவர்களுக்கு மனிதாபிமானம் இருக்கிறது. இரண்டாமவர்களுக்கு ஆத்திரம் மட்டும் இருக்கிறது. இடையில் மூன்றாவதாக ஒரு கூட்டம், 'வேடிக்கை பார்த்தவர்கள்'. தலையங்கம் எழுதுகிறவர்களுக்குப் பிடித்தமான கூட்டம் இதுதான். முன்பு கை கட்டி நின்றார்கள், இப்போது செல்போனில் படம் பிடிக்கிறார்கள் என்பது தவிர, அந்தத் தலையங்கமும் மாறவில்லை.

சில வருஷங்களுக்கு முன் மேலூர் சாலையில், நரசிங்கம்பட்டிக்கு இந்தப் பக்கம், கண்மாயை ஒட்டிய பள்ளத்தில் ஒரு பேருந்து சரிந்து கிடந்தபோது அதற்குப் பின்னால் வந்த வண்டியில் நான் இருந்தேன். யாருடைய பேருந்து, என்ன நம்பர் என்பது இங்கே தேவையில்லை. சாகவில்லை யாரும், கை கால் போனவர்கள் உண்டு. நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் வயலில் நின்ற பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். கட்டிக்கொண்டிருந்த வீடு ஒன்றிலிருந்து சாரத்து ஏணி வந்தது. பின்பக்கக் கண்ணாடியைக் கடப்பாரையால் உடைத்தது ஆடு மேய்க்க வந்த பையன். தலைத்துண்டு, சேலை முந்தானை, எல்லாம் கட்டுத்துணி ஆனது. டீக்கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சோடா பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். 108 வருவதற்குள் பாதிப்பேரை ஒரு தக்காளி வண்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ஒரு மணிநேரம் கழித்து கிரேன் வந்தது. கம்பிவடத்தை அச்சில் மாட்டப் போகும்போதுதான் அந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தேன். அதே பெண்கள், அதே டீக்கடைக்காரர், அதே பையன். கிரேனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வளைவில் அது முதல் விபத்து அல்ல. வேகத்தடை கேட்டு மனு கொடுத்து மனு கொடுத்து ஓய்ந்திருக்கிறார்கள். தாசில்தாராவது வரட்டும் என்றார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு கிழவரிடம், "டிராஃபிக் நிக்குதுல்ல பெரியவரே, முதல்ல வண்டிய எடுப்போம், அப்புறமா பேசுவோம்" என்றார். கிழவர் சத்தம் போடவில்லை. "வண்டிய எடுத்துட்டா அப்புறம் யாருங்கய்யா பேச வரப்போறா? இது கெடக்குற வரைக்குந்தான் எங்களுக்குப் பேச்சு."

இந்த வாக்கியத்தை நான் ஒரு கோட்பாடாகவே எடுத்துக்கொள்கிறேன். 'மீட்பு' என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஆளை மீட்பது ஒன்று, சாலையை மீட்பது ஒன்று. முதலாவதைச் செய்தது ஊர். இரண்டாவதற்குத்தான் அரசு வந்தது, கிரேனோடு. சாலையை மீட்பது என்றால் விபத்து நடக்காத மாதிரி ஆக்குவது. கண்ணாடித் தூளைக் கூட்டித்தள்ளி, எண்ணெய்க் கறையில் மண் போட்டு, நின்ற வண்டிகளை நகரச் செய்தால் எல்லாம் சரியாகிவிட்டது. மறியல் இந்த மறதிக்கு எதிரான செயல். அரசிடம் பேரம் பேச அவர்கள் கையில் அந்த நேரத்தில் இருப்பது சரிந்து கிடக்கிற இரும்பு ஒன்றுதான். பிறருடைய ஒரு மணிநேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்போதுதான் அவர்களுடைய பத்து வருஷ மனு கண்ணில் படுகிறது. 'போக்குவரத்து பாதிக்கப்பட்டது' என்று பத்திரிகை எழுதுவது எங்கோ போய்க்கொண்டிருப்பவனின் பார்வையில் நின்று. அங்கேயே இருப்பவனுக்கு அந்தச் சாலை என்றைக்கும் பாதிப்புதான். நான்குவழி ஆனபிறகு வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்று பிரிந்துபோன ஊர்கள் இந்தச் சமவெளி முழுக்க இருக்கின்றன.

கூட்டம் என்றாலே அறிவிழந்த மிருகம் என்ற எண்ணத்துக்கு 1895ல் குஸ்தாவ் லெ பான் ஒரு புத்தகமே எழுதினார். பிரெஞ்சு மேட்டுக்குடியின் பயம் அங்கே அறிவியலாக வேஷம் கட்டியது. அறுபதுகளில் ஜார்ஜ் ரூடேயும், 1971ல் எழுதிய கட்டுரையில் ஈ.பி. தாம்ஸனும் அதைத் தலைகீழாக்கினார்கள்: தானியக் கலகக்காரர்களுக்கு நியாயவிலை பற்றித் தெளிவான எண்ணம் இருந்தது, அவர்கள் கண்மண் தெரியாமல் அடித்து நொறுக்கவில்லை என்றார்கள். இங்கே நம் சட்டம் இன்னும் லெ பான் பக்கம்தான் நிற்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கடமையை ஓட்டுநர் மேல் வைக்கிறது. கூடவே ஒரு விலக்கு: கும்பலின் சீற்றம் காரணமாக முடியாமல் போனால் கடமை இல்லை. வெள்ளம், புயல் மாதிரி கும்பலையும் ஓர் இயற்கைச் சீற்றமாகச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அடிபட்டவரைத் தூக்குவதும் அதே கும்பல்தான் என்பது அந்தப் பிரிவுக்குத் தெரியாது.

இப்படிச் சொல்வதால் ஓட்டுநரை அடிப்பதை நான் நியாயப்படுத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு அந்த டிரைவர் கருவேலங்காட்டுக்குள் ஓடி ஒளிந்தார். பிடித்திருந்தால் அடித்திருப்பார்கள். ஓய்வில்லாத டூட்டி, தேய்ந்த டயர், டீசல் கணக்கு, வசூல் கணக்கு இவற்றையெல்லாம் சுமந்துகொண்டு வண்டி ஓட்டுகிறவர், கூட்டத்தில் இருப்பவர்களின் மச்சானோ மாமனோ ஆகக்கூடியவர். கையெட்டும் தூரத்தில் அதிகாரத்தின் உடல் என்று அவர் ஒருவர்தான் கிடைக்கிறார். சட்டமும் அவரைத்தான் பிடிக்கிறது. 1870ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 304அ பிரிவு இரண்டு வருஷம் சிறை என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது ஐந்து வருஷம் ஆனது. தகவல் சொல்லாமல் ஓடிப்போனால் பத்து வருஷம் என்ற உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். புதிய சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் அரசு நடைமுறைப்படுத்தாமல் வைத்தது. அவர்கள் செய்ததும் மறியல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டத்தின் கோபம் தனக்கே எதிராகத் திரும்புவதும் உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். மக்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள். உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, அதே வருஷம் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. அந்தத் தீ இல்லாமல் இந்த வேகம் வந்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. ஆனால் எரிந்தது அந்த ஓட்டையும்தான். சான்று கொடுத்த கைக்கு எதிரான முதல் சாட்சி அந்தத் தரை. மேலூர் சாலைக் கிழவருக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். வண்டி கிடக்க வேண்டும் என்றுதான் அவர் சொன்னார், எரிய வேண்டும் என்று சொல்லவில்லை.

இனி ஜப்திக்கு வருகிறேன். மதுரைப் பேருந்து நிலையங்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. புறப்படத் தயாராக நிற்கும் அரசுப் பேருந்தின் முன்னால் கோர்ட் அமீனா ஒருவர், வக்கீல் ஒருவர், ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் ஓர் அம்மா. கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. "எறங்குங்க எறங்குங்க, ஜப்தி பண்ணியாச்சு." பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார்கள், சிலர் சிரிப்பார்கள், டிக்கெட் காசைக் கேட்டு கண்டக்டரோடு சண்டை நடக்கும். எப்போதோ நடந்த விபத்துக்குத் தீர்ப்பாயம் விதித்த இழப்பீட்டைக் கழகம் கட்டவில்லை என்பதால் இது. சட்டத்தின் 146ஆம் பிரிவு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற இடம் தருகிறது. அதற்காகத் தனி நிதி வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிதி வற்றினால் வழக்காடியவருக்கு மிஞ்சுவது அமீனா.

ஊர்க்காரர்கள் விபத்து நடந்த அன்றே பேருந்தைப் பிடித்து வைத்தால் அதன் பெயர் சட்ட ஒழுங்குப் பிரச்சினை. வருஷங்கள் கழித்து நீதிமன்றம் பிடித்து வைத்தால் அதன் பெயர் நிறைவேற்று மனு. செயல் ஒன்றுதான். பிடித்து வைத்தால்தான் பேச்சுக்கு வருவார்கள் என்பது கிழவரின் கண்டுபிடிப்பு மட்டுமல்ல, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கண்டுபிடிப்பும்கூட.

அப்படிப் பிடித்து வைத்து வாங்குவதும் எவ்வளவு? 1994ல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, வருமானம் இல்லாதவரின் உயிருக்குக் கற்பித வருமானமாக வருஷத்துக்கு 15,000 ரூபாய் வைத்தது. அரிசி விலை ஏறியது, பேருந்துக் கட்டணம் ஏறியது. அட்டவணையில் அந்தத் தொகை 2018 வரை அப்படியே இருந்தது. ஜாம்ஷெட்பூர் தீவிபத்து வழக்கில் 2001ல் உச்சநீதிமன்றம் இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று போட்டது பெரிய முன்னேற்றமாகப் பேசப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடு சேர்த்து உழைக்காதவர்களாக எண்ணுவதை 2010ல் அதே நீதிமன்றம் கண்டித்தது. முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட்ட அந்த நடவுக்காரப் பெண்கள் இந்த அட்டவணையில் எங்கே வருவார்கள் என்று நான் யோசித்ததுண்டு. அன்று கூலியையும் விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தூக்குகிறவர்களைப் பற்றி அரசு யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. போலீஸ் சடங்குகளுக்குக் காத்திராமல் சிகிச்சை தர வேண்டும் என்று 1989ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பு வந்தது. 2016 மார்ச்சில், உதவி செய்பவரை வழக்கில் இழுத்து அலைக்கழிக்கக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு உச்சநீதிமன்றம் சட்ட பலம் கொடுத்தது. 2021ல் மத்திய அரசு 5,000 ரூபாய் பரிசு அறிவித்தது, 2025ல் அதை 25,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னது. இவர்களுக்கு வைத்த பெயர் 'நல்ல சமாரியர்'. பெயர் வைத்தவர்கள் கதையை முழுக்கப் படித்தார்களா தெரியவில்லை. எரிகோவுக்குப் போகிற சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப் போனவர்கள் குருவும் லேவியனும். தூக்கியவன், யூதர்கள் தீண்டத்தகாதவனாக ஒதுக்கி வைத்த சமாரியன். யார் யாரைத் தொடலாம் என்பதுதான் அந்தக் கதை. சட்டம் பெயரை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டது.

"ரத்தத்துல கெடக்கும்போது எவன் சாதி பாக்குறான்" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பொய் இல்லை. நானே கண்ணால் பார்த்தேன். ஆனால் இதே மேலூர் வட்டாரத்தில், 1997 ஜூன் 30 அன்று, மதுரை கலெக்டர் அலுவலகத்திலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித் ஒருவர் தலைவராக உட்காரக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அங்கேயும் பேருந்து நின்றது, பயணிகள் இருந்தார்கள், சுற்றிலும் வயல் இருந்தது. அக்கம்பக்கத்தினர் ஓடிவரவில்லை. அதே வருஷம்தான் தென்மாவட்டங்களில் வீரன் சுந்தரலிங்கம் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் மறித்தார்கள், கலவரம் மூண்டது. ஜூலையில் அரசு எல்லாத் தலைவர் பெயர்களையும் மொத்தமாகப் பேருந்துகளிலிருந்து எடுத்துவிட்டது. மதுரையில் 1972லிருந்து ஓடிக்கொண்டிருந்த 'பாண்டியன்' பெயரும் அதோடு போனது. மறியல் என்ற கருவி யார் கையில் இருந்தாலும் வேலை செய்யும். நம் தோழர்களில் சிலர் மறியல் என்றாலே மக்கள் எழுச்சி என்று எழுதிவிடுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த விபத்துக்குக் கூட்டம் கூடும், எந்தச் சாவுக்குக் கூடாது என்பதும் கூட்டத்தின் அறிவில் அடக்கம். தாம்ஸன் சொன்ன நியாயவிலை போல, இங்கே உயிருக்கும் ஊர் வைத்த விலை ஒன்று இருக்கிறது. அட்டவணையின் விலையை எதிர்க்கிற நாம் இந்த விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

அன்று மாலை தாசில்தார் வந்தார். வேகத்தடைக்குப் பதிலாக இரண்டு இரும்புத் தடுப்புகள் வைப்பதாகச் சொன்னார். பிறகு அந்த வழியாகப் போகும்போது பார்த்தேன், வைத்திருந்தார்கள், ஒரு நகைக்கடை விளம்பரத்தோடு. மறியல் நடந்துகொண்டிருந்தபோது அந்த ஆடு மேய்க்கும் பையன் யாரிடமோ வாங்கிய நோட்டில் அடிபட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தான். வீட்டுக்குத் தகவல் சொல்வதற்காக. பெயர், ஊர், செல் நம்பர். பக்கத்தில் நின்ற ஒருவர், ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் பிறகு, "ஊருக்குள்ளயா, காலனியா? கேட்டு எழுதுடா" என்றார், இரண்டு தடவை. பையன் நிமிரவில்லை. ஊர்ப்பெயரோடு நிறுத்தி அடுத்த வரிக்குப் போனான்.