துப்பறிவாளன்: ஹோம்ஸ் வாசகரும் கணியன் பூங்குன்றனும்

துப்பறிவாளன், மிஷ்கின் இயக்கத்தில் விஷால் நடித்து 2017 செப்டம்பர் 14 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம். ஆர்தர் கோனன் டாய்ல் படைத்த ஷெர்லக் ஹோம்ஸைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றி எழுதப்பட்டது. ஹோம்ஸின் இடத்தில் கணியன் பூங்குன்றன் என்னும் தனியார் துப்பறிவாளர் வருகிறார். டாக்டர் வாட்சனின் இடத்தில் நண்பர் மனோ (பிரசன்னா) இருக்கிறார். கொலைகளை விபத்துகளைப் போலத் தோன்றச் செய்யும் கூலிக் கொலைக் கூட்டம் ஒன்றைக் கணியன் கண்டுபிடிப்பதே கதை.

ஹோம்ஸ் கதைகளில் தோய்ந்த வாசகருக்கு இப்படம் சில இடங்களில் நெருடும். கணியன் கைகலப்பில் இறங்குகிறார், உணர்ச்சிவசப்படுகிறார், ஒரு பெண்ணுக்காகக் கலங்குகிறார். ‘இவர் ஹோம்ஸ் அல்ல’ என்று அந்த வாசகர் சொல்லக்கூடும். அந்த மறுப்பில் எது நியாயமானது, எது பழக்கத்தால் வந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெயரும் ஊரும்

கணியன் பூங்குன்றனார் சங்கப் புலவர். புறநானூற்றின் 192-ஆம் பாடல் அவருடையது. அவருடைய ஊரான பூங்குன்றம், மதுரைக்கு வடகிழக்கே சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகே உள்ள மகிபாலன்பட்டி எனக் கருதப்படுகிறது. கணியன் என்னும் சொல் காலத்தைக் கணித்துச் சொல்பவரைக் குறிக்கும். சிறிய தடயங்களைக் கூட்டிக் கணக்கிட்டு உண்மையை அடையும் ஒருவருக்கு இது பொருத்தமான பெயர். ஹோம்ஸுக்கு வெறும் உள்ளூர்ப் பெயர் ஒன்றைச் சூட்டாமல், அவருடைய தொழிலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லையே மிஷ்கின் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

வாசகர் மனத்தில் உள்ள ஹோம்ஸ்

1887 முதல் 1927 வரை டாய்ல் எழுதிய ஹோம்ஸ் கதைகள் 60. அவற்றில் நாவல்கள் 4, சிறுகதைகள் 56. ஆனால் வாசகர்கள் மனத்தில் நிற்கும் ஹோம்ஸ் முழுவதும் இக்கதைகளிலிருந்து வந்தவர் அல்ல. காது மடல் கொண்ட பயணத் தொப்பியை அவரது நிலையான அடையாளமாக்கியதில் ஓவியர் சிட்னி பேஜெட்டின் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வளைந்த புகைக்குழாய் நடிகர் வில்லியம் ஜில்லெட்டின் மேடை நாடகத்தின் வழியே பரவியது. அந்த நாடகம் 1899-ல் அரங்கேறியது. நாடகத்தில் ஹோம்ஸுக்குத் திருமணம் செய்து வைக்கலாமா என்று ஜில்லெட் கேட்டபோது, மணம் முடித்தாலும் கொன்றாலும் தமக்கு மறுப்பில்லை என்ற பொருளில் டாய்ல் பதில் அனுப்பினார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி.

எனவே கணியன் சண்டையிடுவது ஹோம்ஸுக்கு மாறானது என்ற மறுப்பு வலுவற்றது. டாய்லின் ஹோம்ஸ் குத்துச்சண்டையிலும் வாள்வீச்சிலும் தேர்ந்தவர். 1903-ல் வெளியான ‘காலி வீடு’ கதையில், ஜப்பானிய மல்யுத்த முறை ஒன்றை அறிந்திருந்ததால்தான் மோரியார்ட்டியின் பிடியிலிருந்து தப்பியதாக அவரே சொல்கிறார்.

உணர்ச்சி பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. ஹோம்ஸும் கலங்குவார், ஆனால் மிக அரிதாக. 1924-ல் வெளியான ‘மூன்று காரிடெப்கள்’ கதையில் வாட்சன் சுடப்படும்போது ஹோம்ஸின் முகமூடி ஒரு கணம் விலகுகிறது. பல ஆண்டுகள் காத்திருந்து கிடைத்ததால் வாட்சனுக்கும் வாசகருக்கும் அந்தக் கணம் பெரிதாகிறது. துப்பறிவாளனில் மல்லிகா (அனு இம்மானுவேல்) இறக்கும் காட்சியில் கணியன் உடைந்துபோகிறார். அழுவது தவறல்ல. அந்த அழுகைக்குத் தேவையான நீண்ட மௌனத்தைச் சேர்த்துவைக்க ஒரே படத்துக்குள் நேரம் போதவில்லை.

படம் ஹோம்ஸைப் புரிந்துகொண்ட இடம்

படத்தின் முதல் பகுதியில் ஒரு பள்ளிச் சிறுவன் கணியனிடம் வருகிறான். அவனுடைய நாயை யாரோ சுட்டுவிட்டார்கள். சுட்டது யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். மற்றவர்கள் அற்பமாகக் கருதும் இந்த வழக்கைக் கணியன் முழுக் கவனத்துடன் எடுத்துக்கொள்கிறார். அந்தத் தோட்டாவைத் தொடர்ந்து சென்றுதான் கொலைக் கூட்டத்தை நெருங்குகிறார்.

இது டாய்லின் முறையேதான். ‘செந்தலையர் சங்கம்’ கதையில் அடகுக்கடைக்காரர் ஒருவருக்குக் கிடைத்த விசித்திரமான வேலை வங்கிக் கொள்ளைத் திட்டத்தில் கொண்டுபோய் விடுகிறது. ‘நீல மாணிக்கம்’ கதையில் கிறிஸ்துமஸ் வாத்து ஒன்று நகைத் திருட்டை வெளிப்படுத்துகிறது. வழக்கின் மதிப்பு அதன் புதிரில் இருக்கிறதே தவிர, கொண்டுவருபவரின் பணத்திலோ பதவியிலோ இல்லை. தொப்பியும் குழாயும் இல்லாமலேயே கணியன் இந்த இடத்தில் ஹோம்ஸாகத் தெரிகிறார்.

உண்மையான இழப்பு

60 கதைகளில் 56 கதைகள் வாட்சனின் வாயிலாகச் சொல்லப்படுபவை. ஹோம்ஸ் பார்ப்பதையே வாட்சனும் பார்க்கிறார், ஆனால் பொருள் விளங்கவில்லை. வாசகரின் நிலையும் அதுவே. விளக்கம் வரும்போது ‘இது நம் கண்முன்தானே இருந்தது’ என்ற வியப்பு எழுகிறது. ஹோம்ஸே எழுதுவதாக அமைந்த கதைகள் இரண்டு மட்டுமே. அவற்றில் ஒன்றான ‘வெளுத்த சிப்பாய்’ கதையில், வாசகருக்குச் சுவையாகச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

துப்பறிவாளனில் மனோ உடன் வருகிறார், உதவுகிறார், திட்டும் வாங்குகிறார். ஆனால் கதை அவர் கண்வழியே நகரவில்லை. கொலைக் கூட்டத்தையும் அதன் தலைவனையும் (வினய்) பார்வையாளர் கணியனுக்கு முன்பே பார்த்துவிடுகிறார். அதன்பின் புதிர் மறைந்து துரத்தல் மட்டும் எஞ்சுகிறது. ஹோம்ஸ் வாசகரின் ஏமாற்றம் நியாயமாவது இங்கேதான். துப்பறிவதில் தமக்கிருந்த பங்கை அவர் இழந்துவிடுகிறார்.

மதுரை அவையில் ஒரு சான்று

குற்றவாளியை முன்பே காட்டிவிடுவதாலேயே ஒரு கதை தாழ்ந்துவிடாது. தமிழின் பழைய விசாரணைக் காட்சி ஒன்று அவ்வகையானது. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பது கோவலன் கொல்லப்படுவதற்கு முன்பே படிப்பவருக்குத் தெரியும். கேள்வி அதை எப்படி நிறுவுவது என்பதே. மதுரையின் அரசவையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். பாண்டியன் தன் தேவியின் சிலம்பில் உள்ளவை முத்து என்கிறான். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. எல்லோரும் காணும் ஒரே பொருட்சான்று வழக்கை முடித்துவிடுகிறது. பாண்டியனின் பிழை சாட்சியை ஆராயாமல் தீர்ப்பளித்தது. மதுரையை எரித்த சீற்றம் சான்று நிலைநாட்டப்பட்ட பிறகே வருகிறது.

ஹோம்ஸ் வாசகரின் கோபத்துக்குத் தமிழ் மரபு தரும் மறுமொழி இதில் இருக்கிறது. உண்மையை முன்பே அறிந்திருப்பதும் சீற்றமும் கண்ணீரும் விசாரணைக் கதைக்கு அயலானவை அல்ல. ஆனால் அவை சான்றுக்குப் பின்னால் வரவேண்டும், சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. துப்பறிவாளன் தன் முதல் பகுதியில் தோட்டாவை மாணிக்கப் பரலைப் போல மதித்தது. பிற்பகுதியில் வாளும் துப்பாக்கியும் பேசத் தொடங்கியதும், பார்வையாளர் தாமே கையில் வாங்கிப் பார்க்கத்தக்க சான்று அரிதாகிவிட்டது.

மதிப்பீடு

துப்பறிவாளன், ஹோம்ஸின் வெளித்தோற்றத்தைத் துணிந்து விட்டுவிட்டு அவரது மனப்பாங்கைத் தேடிய படம். சிறுவனின் வழக்கில் அதைக் கண்டடைந்தது. வாட்சனின் பார்வையைக் கைவிட்டதால் அதைப் பாதியில் தவறவிட்டது. ரசிகர் தம் மனத்தில் காக்கும் ஹோம்ஸும் ஓவியரும் நடிகரும் சேர்ந்து உருவாக்கிய ஒரு தழுவல்தான். ஆகவே ஒரு தழுவலை அளக்கும்போது நாயகன் எப்படித் தோன்றுகிறான் என்பதைவிட, உண்மையைத் தேடும் வேலையில் பார்வையாளருக்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டது என்று கேட்பதே பயனுள்ளது. கணியன் என்ற பெயர் கணிப்பவரைக் குறிக்கிறது. அந்தக் கணக்கைப் பார்வையாளரும் உடன் போட்டுப் பார்க்க இடம்கொடுத்தவரை படம் வெற்றி பெறுகிறது.