இவண், நண்பர்கள்

ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் போன மாசியில் இறந்துபோனான். 44 ஆண்டுப் பழக்கம். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஊர் முக்கில் பேனர் கட்டி முடித்திருந்தார்கள். ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் படத்திலிருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் மேகத்தையும் புறாவையும் சேர்த்திருந்தார்கள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே வட்டம் வட்டமாக நண்பர்களின் படங்கள், மொத்தம் 31. அதில் நானும் இருந்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த வழக்கத்தில் நான் காணும் குறைகளைச் சொல்லும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏன் ஆறுதல்? எங்கள் தென்மாவட்டத்துத் துட்டி வீட்டில் உறவுக்காரர் எல்லாருக்கும் ஒரு வேலை உண்டு. பங்காளிகள் நீர்மாலைக்குப் போவார்கள். சம்பந்தம் செய்தவர்கள் கோடி கொண்டுவருவார்கள். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். மகன் கொள்ளி வைப்பான். கருமாதியன்று மாமன் அவனுக்கு உருமால் கட்டுவார். இத்தனை சடங்கிலும் சிநேகிதனுக்கு என்று ஓர் இடம் கிடையாது. அவன் மாலை வாங்கி வரலாம், நாற்காலி எடுத்துப் போடலாம், சுடுகாட்டுக்கு விறகு வந்துவிட்டதா என்று பார்த்து வரலாம். அவனுக்குத் தீட்டும் இல்லை. தீட்டு இல்லை என்றால் துக்கம் காக்க நாளும் இல்லை. மறுநாளே வேலைக்குப் போக வேண்டியதுதான். விடுப்புக் கேட்டால், “இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?” என்பார்கள். அந்தக் கேள்விக்குச் சிநேகிதன் என்பது செல்லுபடியாகிற பதில் இல்லை.

உறவுமுறை நண்பனுக்குத் தராத இடத்தை, பேனரின் அடியில் வரும் ‘இவண், நண்பர்கள்’ என்ற ஒரு வரி தருகிறது. நாங்களும் இழந்திருக்கிறோம் என்று ஊர் நடுவில் நின்று சொல்வதற்கு வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த 31 பேரில் மூன்று மதத்தாரும் பல சாதியாரும் இருந்தார்கள். சுடுகாடே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊரில், ஒரே சட்டத்துக்குள் அத்தனை பெயர்கள் நின்றது சின்னக் காரியம் இல்லை. சாதிச் சங்கங்களும் பேனர் வைக்கின்றன என்பதை மறக்கவில்லை. ஆனால் கூட்டாளிகள் வைப்பது வேறு, சங்கம் வைப்பது வேறு. ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசம் பார்த்ததும் தெரியும்.

குறை, எழுத்தில் தொடங்குகிறது. இமயம் சரிந்தது, ஆலமரம் சாய்ந்தது, மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்றாயே என்று அச்சுக் கடைக் கணினியில் வாசகங்கள் தயாராக இருக்கின்றன. பெயரும் படமும் மாறும், மற்றது அப்படியே இருக்கும். என் நண்பன் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கோடையில் பயிர் வாடும்போது இரவு பத்து மணிக்கு மோட்டாரைக் கொண்டுபோனாலும் விடிவதற்குள் கட்டிக் கொடுப்பான்; கூலியை அறுப்பு முடிந்து வாங்கிக்கொள்வான். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணறுகள் அவன் கையால் ஓடியவை. பேனரில் இதில் ஒரு சொல்கூட இல்லை. அவன் என்ன தொழில் செய்தான் என்பதே இல்லை.

2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுடையது. எழுதியிருப்பது ஒருசில சொற்கள்தான். ஆனால் ஊர் இருக்கிறது, செயல் இருக்கிறது, பெயர் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அவன் யார் என்று நமக்குத் தெரிகிறது. கல்லை நட்டவர்கள் யார் என்று தெரியாது. நம் பேனரில் நட்டவர்கள் 31 பேரும் தெரிகிறார்கள், இறந்தவன்தான் தெரியவில்லை. இந்த வழக்கத்தின் பெரிய கோளாறு இதுதான் என்பேன். துக்கம் சொல்ல வந்தவர்கள் தங்கள் முகத்தைக் காட்டப் போய், போனவனை மறைத்துவிடுகிறோம்.

பேனர் விழுந்து உயிர்போவதும் நடந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், சாலை நடுவே வைத்திருந்த ஒரு கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரியில் சிக்கி இறந்தார். அஞ்சலி பேனருக்கும் அதே கம்பு, அதே கயிறு, அதே காற்றுதான். அது விழாமல் நின்றாலும் ஃபிளெக்ஸ் மக்குவதில்லை. வைக்கோல்போருக்கு மூடாகும், இல்லையென்றால் கொட்டகைக்குக் கூரையாகும். சித்திரையில் ஊருக்குப் போனபோது பக்கத்து ஊர் ஆட்டுக்கொட்டத்தின் மேல் என் நண்பன் முகம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. கொட்டக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவிழ்த்துப் போட்டதை எடுத்துப் பயன்படுத்தினார். கேட்டதும் கழற்றிக் கொடுத்தார். நான் ஒரு தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தேன். கட்டியதோடு எங்கள் கடமை முடிந்தது என்று 31 பேரும் போய்விட்டோமே என்பதுதான் என்னை அறுத்தது.

நண்பன் போனபிறகும் கடமை முடியவில்லை என்று இருந்தவர்கள் உண்டு. தன் நண்பன் பாரி இறந்தபின் அவன் பெண்மக்களை அழைத்துக்கொண்டு குறுநில மன்னர்களின் வாசலுக்குப் போனவர் புலவர் கபிலர். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, பாரி மகளை மலையனுக்கு மணம்செய்து கொடுத்துவிட்டு அவர் தீயில் புகுந்ததைச் சொல்கிறது. அந்த முடிவை நான் போற்றவில்லை. அதற்கு முன் அவர் நடந்த நடைதான் எனக்கு முக்கியம். நம் காலத்தில் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் இருந்தார். அவருடைய இடைசெவல் தோழர் கு. அழகிரிசாமி 1970-இல் 46 வயதில் போய்விட்டார். அவர் எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து நூலாகக் கொண்டுவந்தார் கி.ரா. நண்பன் போனபிறகும் ஏறக்குறைய 51 ஆண்டு இருந்தார், 2021 வரை. அதனால்தான் அழகிரிசாமி நண்பனுக்கு எழுதியதை இன்று யாரும் எடுத்துப் படிக்க முடிகிறது.

பேனரை ஒழித்துவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. நண்பனுக்குத் துட்டி வீட்டில் வேறு இடம் கிடைக்கும்வரை அது இருக்கட்டும். கட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் படங்களை எடுத்துவிடுங்கள், பெயர்கள் போதும். இமயத்தை விட்டுவிட்டு அவன் செய்த தொழிலை எழுதுங்கள், அவன் செய்த ஒரு காரியத்தையாவது எழுதுங்கள். சாலையை விட்டுத் தள்ளி, ஆள் உயரத்துக்குள் கட்டுங்கள். பதினாறாம் நாள் நீங்களே வந்து அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அப்படியே அவன் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.