வலைப்பதிவுக் கலைச்சொற்களில் ‘பதிவு’: ஒரு பொருள்மயக்கம்

1997இல் யோர்ன் பார்கர் வழங்கிய ‘வெப்லாக்’ என்னும் சொல்லை 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் ‘வீ பிளாக்’ எனப் பிரித்தெழுத, ‘பிளாக்’ நிலைபெற்றது. தமிழில் அது ‘வலைப்பதிவு’, ‘வலைப்பூ’ என வழங்குகிறது. இவற்றுள் ‘வலைப்பதிவு’ என்பது ‘பதிவு’ எனக் குறுகியபோது, தளம் முழுவதையும் அதிலுள்ள தனிக்கட்டுரையையும் ஒரே சொல் சுட்டலாயிற்று. ‘பத்துப் பதிவுகள்’ என்பன பத்துத் தளங்களா, பத்துக் கட்டுரைகளா? தனிக்கட்டுரையை ‘இடுகை’ என்றால் இம்மயக்கம் நீங்கும். எனினும் ‘பதிவர்’, ‘பதிவிடு’ ஆகியவற்றோடு ஒரே சொற்குடும்பமாய் இயைந்த ‘பதிவு’ என்பதே பெருவழக்காயிற்று. பொதுவழக்கில் சூழல் பொருளை உணர்த்திவிடும். ஆய்வேட்டின் புள்ளிவிவர அட்டவணையில் அதற்கு இடமில்லை. ஆகவே, வலைப்பதிவுகளைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர் தளத்திற்கு ‘வலைப்பதிவு’, தனிக்கட்டுரைக்கு ‘இடுகை’ என முதலிலேயே வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறை இல்லாத எண்ணிக்கையைப் பிறர் சரிபார்த்தல் அரிது.