அரசி வீட்டுக் கணக்கு

தெற்கு ஈராக்கில் இன்று தெல்லோ எனப்படும் மண்மேட்டுக்குள் கிர்சு என்ற சுமேரிய நகரம் புதைந்து கிடந்தது. பஸ்ராவில் பிரெஞ்சுத் துணைத் தூதராக இருந்த எர்னெஸ்ட் தெ சார்செக் 1877இல் அங்கே தோண்டத் தொடங்கினார். அந்நகரை உள்ளடக்கிய லகாஷ் நாட்டு அரசர்களின் சிலைகளும் கல்வெட்டுகளும், பகைவரின் தலைகளைக் கழுகுகள் கொத்திச் செல்லும் வெற்றிக் கல்லும் பாரிசுக்குப் போயின. சுமேரியர் என்றொரு மக்கள் இருந்தார்களா என்று மொழியறிஞர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு முகம் கிடைத்தது இந்த மேட்டிலிருந்துதான்.

ஆனால் சுமேரிய அரசியல் வரலாற்றை நெடுங்காலம் ஆட்டிப்படைத்தவை அந்தச் சிலைகள் அல்ல, உள்ளங்கையில் அடங்கும் களிமண் பலகைகள். கி.மு. 24ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 1,600க்கும் மேற்பட்ட கணக்குகள் அவை. இவ்வளவு பார்லி இத்தனை நெசவுப் பெண்களுக்கு, இவ்வளவு மீன் இன்னாரிடமிருந்து வரவு என்ற வகை. இவற்றில் பெரும்பகுதி ஆய்வாளர்கள் கண்ணெதிரே வெளிவரவில்லை. திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்டு, வணிகர்கள் வழியாகப் பாரிஸ், பெர்லின், பீட்டர்ஸ்பர்க் என்று சிதறின.

அவற்றைக் கோத்துப் படித்தவர் ரோமிலிருந்த சேசுசபைப் பாதிரியார் அன்டன் டைமல். பொருளியலாளர் அன்னா ஷ்னைடர் 1920இல் முன்வைத்த கருத்துக்கு அவருடைய 1931ஆம் ஆண்டு நூல் முழு உருவம் கொடுத்தது. நகரத்து நிலமெல்லாம் தெய்வங்களுக்குச் சொந்தம், மக்களெல்லாம் கோயில் பணியாளர்கள், அரசன் தெய்வத்தின் காரியக்காரன் என்பது அவர் தீட்டிய படம். 'கோயில் நகரம்' என்ற இந்தக் கோட்பாடு ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பாடநூல்களில் கோலோச்சியது.

சறுக்கல் எங்கே? அந்தக் கணக்குகள் ஒரேயொரு நிறுவனத்தின் கணக்குகள். அதன் பழைய பெயரே 'பெண் வீடு', அதாவது அரசியின் வீடு. லகாஷை லுகலாண்டா ஆண்ட காலத்தில் அதை நடத்தியவர் அவர் மனைவி பரனம்தரா. வளைகுடாப் பகுதியான தில்முனுடன் செம்பு வாணிபம் செய்தவர், அடாப் நகர ஆட்சியாளரின் மனைவியோடு பரிசுகள் பரிமாறிக்கொண்டவர். அடுத்து ஆட்சியைப் பிடித்த உருகாகினா, முன்னவர்கள் அபகரித்த வயல்களைத் தெய்வங்களுக்கே மீட்டுக் கொடுத்ததாகக் கல்வெட்டில் எழுதிவைத்தார். அதற்கேற்ப 'பெண் வீடு' பௌ தெய்வத்தின் வீடாகப் பெயர் மாறியது. நிர்வாகம் யாரிடம் போயிற்று? அவர் மனைவி சாசாவிடம். உலகின் முதல் சீர்திருத்தவாதி என்று உருகாகினாவைக் கொண்டாடுகிற கட்டுரைகளில் இந்தப் பெயர்ப்பலகை மாற்றம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சோவியத் அறிஞர் இகோர் தியாகனோவ் 1950களில் வேறு வழியில் வந்தார். லகாஷின் மொத்த விளைநிலத்தை மதிப்பிட்டு, கணக்குகளில் வரும் கோயில் நிலத்தை அதன் பக்கத்தில் வைத்தார். கோயிலுக்கு இருந்தது ஒரு பங்குதான். அப்படியானால் மீதி யாருடையது? குடும்பங்களிடமிருந்து நிலம் வாங்கியதைப் பதிந்த கற்கள் பதில் சொல்லின. சிகாகோவின் இக்னஸ் கெல்ப் 1969இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு டைமலின் நகரம் எழுந்து நிற்கவில்லை.

மற்றக் கோட்பாடுகளும் பிறந்த காலத்தின் வாசனையோடுதான் வந்தன. தோர்கில்ட் யாகப்சன் உலகப் போரின் நடுவே, 1943இல், சுமேரியாவில் ஆதி சனநாயகம் இருந்தது என்றார். உருக் அரசன் கில்கமேஷ் போருக்கு முன் ஊர் மூத்தோரையும் இளைஞரையும் கலந்துகொள்ளும் கதை அவருக்குப் பெரிய சான்று. கதையின் பிரதிகளோ அது பேசும் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. நாஜிகளிடமிருந்து தப்பியவரும் பின்னாளில் கம்யூனிசத்தை வெறுத்தவருமான கார்ல் விட்ஃபோகல், 1957இல், பெரும் பாசனமே கொடுங்கோன்மையைப் பெற்றெடுத்தது என்றார். இதற்கு மறுப்பு நூலகத்திலிருந்து வரவில்லை. தொல்லியலாளர் ராபர்ட் ஆடம்ஸ் ஈராக்கின் பாழ்நிலங்களில் கள ஆய்வு செய்து, பழைய ஊர்களையும் வாய்க்கால் தடங்களையும் வரைபடத்தில் ஏற்றினார். தொடக்கப் பாசனம் ஆற்றுக் கிளைகளை ஒட்டிய சிறுசிறு உள்ளூர் வேலை. பெரிய கால்வாய்கள் அரசுகள் தோன்றிய பிறகே வந்தன. என் பார்வையில் இத்துறையில் நடந்த மிகப் பெரிய திருத்தம் ஆடம்ஸின் கள ஆய்வுதான்.

காலத்தில் இன்னும் பின்னோக்கி உருக் நகரத்துக்குப் போனால் சான்று இன்னும் மெலிகிறது. கி.மு. 3300ஐ ஒட்டிய எழுத்துப் பலகைகள் அங்கே ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பெரும்பான்மை வரவுசெலவு, மீதி எழுத்தர் பயிற்சிக்கான சொற்பட்டியல்கள். புராணமோ அரச கட்டளையோ ஒன்றுகூட இல்லை. பார்லிக் கணக்குகளில் வரும் 'குஷிம்' வரலாற்றின் முதல் மனிதப் பெயர் என்று பரவலாக எழுதப்படுகிறது. ஆனால் அது ஆளா, பதவியா, அலுவலகமா என்பதே முடிவாகவில்லை. ஹான்ஸ் நிஸ்ஸன், பீட்டர் டாமெரோ, ராபர்ட் எங்லண்ட் மூவரும் இப்பலகைகளின் எண்முறைகளைப் பிரித்துக் காட்டிய பிறகு, எழுத்து கணக்கனின் கருவியாகவே பிறந்தது என்பது இங்கேனும் உறுதியாயிற்று. இதற்கிடையே சிரியாவின் டெல் பிராக்கில் தோண்டியவர்கள், வடக்கிலும் கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் முற்பகுதியிலேயே நகரம் வளர்ந்ததைக் கண்டார்கள். தெற்கில் பிறந்து வடக்கே பரவிய நகரம் என்ற பழைய கதை அத்தோடு ஆட்டங்கண்டது.

இப்போதைய தகராறு வேறு. 1991 போருக்குப் பிறகும் 2003 போருக்குப் பிறகும் உம்மா, அடாப் போன்ற சுமேரிய நகரங்களின் மேடுகள் சூறையாடப்பட்டன. அமெரிக்கா 2021இல் ஈராக்குக்குத் திருப்பித் தந்த தொல்பொருள்கள் மட்டும் 17,000க்கு மேல், பெரும்பாலும் களிமண் பலகைகள். எந்த அறையில், எதன் பக்கத்தில் கிடந்தவை என்ற தகவல் அவற்றுக்கு இல்லை. இப்படிப்பட்ட பலகைகளை வெளியிட்டால் கள்ளச் சந்தை கொழுக்கும் என்று சிலர் மறுக்கிறார்கள். படிக்காமல் விட்டால் இழப்பு இரட்டிப்பாகும் என்கிறார்கள் மற்றவர்கள். நான் இரண்டாம் அணிப் பக்கமே சாய்வேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எந்த வீட்டின் கணக்கு என்று தெரியாத பலகையை வைத்து நகரம் முழுவதற்கும் யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது.